பெரிய நாயும் சின்னக் குட்டியும்

கொட்டில்கள் நெருக்கமான இடத்தில் நாய்களுக்கும் முற்றம் ஒன்றுதான். பெரிய காவல் நாயும் அயல்வீட்டுக் குட்டியும் உருளும்போது, விளையாட்டா சண்டையா என்று பதறுகிறோம்.

முன்கால்களைப் பதித்துப் பின்பக்கத்தை உயர்த்தினால் அது விளையாட்டுக்கு அழைப்பு. பெரியது தானே மல்லாந்து படுத்து இடங்கொடுத்தால் நல்லது. சந்தேகமாயின் பெரியதைச் சற்றுப் பிடித்து வைப்போம். குட்டி தானாகத் திரும்பி வந்தால் விளையாட்டுத்தான். வாலை ஒடுக்கிக் கட்டிலின் கீழ் ஒளித்தால் அன்றைக்கு அது போதும். பெரிய நாய் விளையாட்டாய்க் கழுத்தைக் கவ்வி உலுப்பினாலும் குட்டியின் உயிர் போகலாம்.

சோற்றை வெவ்வேறு மூலையில் வைப்போம். பல சண்டைகள் சட்டியடியில்தான் தொடங்குகின்றன. மூண்டுவிட்டால் கையை நடுவே விடாமல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவோம். யாருக்கேனும் கடிபட்டால், சிறு கீறலானாலும், சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.