தனியாக வேலை செய்யத் தெரியாத புரதம்

திருவண்ணாமலையிலிருந்து மார்பகப் புற்றுநோய்க்காக அடையாறுக்கோ வேலூருக்கோ பஸ் ஏறுகிறவர்களின் ஃபைலில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. பக்கத்தில் பிளஸ், மைனஸ். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதுகிறார். நோயாளிக்கு அது என்னவென்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

இந்த மூன்றில் ஹெர்-2வை மட்டும் இங்கே பார்ப்போம். அது ஒரு புரதம். செல்லின் மேலுறையில் நின்று, வெளியிலிருந்து வரும் 'வளரு' என்ற செய்தியை உள்ளே கடத்துவது அதன் வேலை. கார்த்திகை தீபத்தன்று நம்மூரில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருகிறார், கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏறுகிறது, உடனே 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம், அதைப் பார்த்த பிறகே வீடுகளில் விளக்கு. ஒன்று நடந்தால்தான் அடுத்தது. செல்லுக்குள்ளும் இப்படி ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்பி, கடைசியில் செல் இரண்டாகப் பிரிகிறது. சாமி வெளியே வராமலேயே நடுவில் ஒருவர் சைகை காட்டிக்கொண்டே இருந்தால்? புற்றுநோயில் பல நேரம் நடப்பது அதுதான்.

ஹெர்-2வுக்கு மூன்று உடன்பிறப்புகள். அவற்றில் 1989-இல் கண்டறியப்பட்ட ஹெர்-3 விசித்திரமானது. மற்றவை உள்பக்கத்தில் பாஸ்பேட்டை ஒட்டிச் செய்தியைத் தொடங்கிவைக்கும். ஹெர்-3க்கு அந்தத் திறன் ஏறக்குறைய இல்லை. அப்படியானால் அது எதற்கு இருக்கிறது?

இந்தப் புரதத்தை ஆரம்பத்திலேயே ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் ஊர்ப்பக்கத்து மருத்துவர். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் மூலக்கூறு புற்றுநோயியல் துறைக்குப் பின்னாளில் தலைமை வகித்த தங்கராஜன் ராஜ்குமார்தான் அவர். 1990-களின் முதல் பாதியில் இங்கிலாந்தில் வில்லியம் கல்லிக்குடன் சேர்ந்து, ஹெர்-3ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஆராய்ந்தார். எந்தக் கட்டியில் ஹெர்-3 அதிகம் என்று பார்க்க அவை ஒரு சாயம்போலப் பயன்பட்டன. இரைப்பை, குடல் கட்டிகளில் பார்த்த கட்டுரை 1993-இல் வந்தது. சிறுநீர்ப்பை, சினைப்பை என்று பிறகு தொடர்ந்தது.

எனக்குப் பிடித்தது 1994-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சரில் வந்த கட்டுரை. நம் உடலின் சாதாரண செல்கள் பெரும்பாலானவை ஒட்டிக்கொள்ள இடம் இல்லாவிட்டால் பெருகாது. புற்றுச்செல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இதைச் சோதிக்க வழக்கமான முறை, செல்களைக் கடல்பாசிக் கூழில் மிதக்கவிட்டு, சில வாரங்களில் எத்தனை குட்டித் திரள்கள் உருவாகின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணுவது. (நோன்பு நாளில் இனிப்பு செய்கிறார்களே, அதே கடல்பாசிதான்.) ஹெர்-3ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது மார்பகப் புற்றுச்செல்களின் இந்தப் பிடிமானமற்ற வளர்ச்சி குறையவில்லை, கூடியது. புரதத்தைப் பிடித்தாலே நோய் அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். எங்கே பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே எதிர்ப்பொருள் வகை பூட்டாகவும் ஆகலாம், சாவியாகவும் ஆகலாம்.

ஹெர்-3 எதற்கு என்ற கேள்விக்குப் பதில் ஜோடியில் இருக்கிறது. ஹெர்-2வுக்கு வெளிச்செய்தியைத் தானாகப் பிடிக்கத் தெரியாது. ஹெர்-3க்குப் பாஸ்பேட் ஒட்டத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் அந்தக் குடும்பத்திலேயே மிக வலுவான ஜோடி. ஹெர்-3இன் வால்பகுதியில், செல்லைச் சாகவிடாமல் காக்கும் பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதி வந்து உட்கார ஆறு இடங்கள் இருக்கின்றன. ஹெர்-2 அங்கே பாஸ்பேட்டை ஒட்டிவிட்டால் போதும்.

மருந்துகளும் இந்த வழியில்தான் வந்தன. ஹெர்-2ஐப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெங்களூரு பயோகான் அதன் ஒத்த மருந்தை 2014-இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2012-இல் அனுமதி பெற்ற பெர்டுசுமாப், ஹெர்-2 போய் ஹெர்-3உடன் ஜோடி சேர்வதையே தடுக்கிறது. ஆய்வகத்தில் யாரோ கூழில் திரள்களை எண்ணியது வீண்போகவில்லை.

மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய ஐந்து, ஆறு பேரில் ஒருவருக்கே ஹெர்-2 மிகுந்திருக்கும். மற்றவர்களுக்கு டிராஸ்டுசுமாப் எழுதுவதில்லை என்றால் அது கஞ்சத்தனம் அல்ல.

உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஹெர்-2 பக்கத்தில் 3+ என்றால் பாசிட்டிவ். பூஜ்யமோ 1+ஓ நெகட்டிவ். 2+ என்றிருந்தால் முடிவு இன்னும் வரவில்லை என்று பொருள். மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். திசுவைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கை லேபிலிருந்து கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.