மயக்க மருந்தும் குவாண்டம் கேள்வியும்

நான் மயக்கவியல் மருத்துவர். குழந்தைகளுக்கு முகமூடி வழியாக செவோஃப்ளுரேன் வாயு கொடுப்போம். பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளை பாதிப் பேச்சில் நின்றுவிடும். இதயம் துடிக்கும், மூளையிலும் மின்னலைகள் ஓடும். உணர்வு மட்டும் இருக்காது. அது எங்கே போனது?

இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் அரிசோனாவின் ஸ்டூவர்ட் ஹேமராஃப். அவரும் என் துறைக்காரர். உணர்வுக்கும் குவாண்டம் இயற்பியலுக்கும் தொடர்பு உண்டு என்று 1989-இல் நூல் எழுதிய ரோஜர் பென்ரோஸுடன் சேர்ந்தார். நரம்பணுக்களுக்குள் சுமார் 25 நானோமீட்டர் தடிமனுள்ள புரத நுண்குழல்கள் இருக்கின்றன. அங்கே நடக்கும் குவாண்டம் நிகழ்வுகளே உணர்வைப் பிறப்பிக்கின்றன என்பது இருவரின் கருத்து.

எதிர்ப்பும் பலமானது. மூளை வெதுவெதுப்பானது, ஈரமானது. அத்தகைய சூழலில் குவாண்டம் நிலை நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காது என்று 2000-இல் இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டார். நரம்பணு இயங்கவோ மில்லிநொடிகள் தேவை.

2024-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நுண்குழல்களைப் பற்றிக்கொள்ளும் எப்போதிலோன் மருந்து கொடுக்கப்பட்ட எலிகள், ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவில் மயங்கச் சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டன. மயக்கத்தில் நுண்குழல்களுக்குப் பங்கிருக்கலாம் என்பதற்கு இது சான்று. குவாண்டத்துக்குச் சான்று அல்ல.

ஆகவே, ‘குவாண்டம் சிகிச்சை’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உணர்வு எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை ஆய்வகத்திலிருந்துதான் வர வேண்டும்.