பொருள் புரிந்தால் மொழி வரும்



“இலக்கண விதிகளை ஒப்புவிக்கிறான், ஆங்கிலத்தில் ஒரு வரி பேச நா எழவில்லை.” வேங்கிக்காலில் பிள்ளைகளை மக்தபுக்கு அழைத்துவரும் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கூறும் குறை இது. கலைப் பட்டம் பெற்ற யானும் அவ்வாறே வளர்ந்தவன். தேர்வில் தேறினேன், வாய் திறக்க அஞ்சினேன்.

இக்குறைக்கு விடை தேடுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஓர் ஆசிரியரை அறிவீர்களா? அவர்தாம் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு புதுமுறையைச் சோதித்தார். ‘பெங்களூர்த் திட்டம்’ என்று கல்வியுலகம் அதனை அழைக்கிறது.

அவ்வகுப்புகள் இலக்கண விதியோடு தொடங்கவில்லை. மாணவர் முன் ரயில் கால அட்டவணை வைக்கப்படும். “இந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும்? பயண நேரம் எவ்வளவு?” என ஆசிரியர் ஆங்கிலத்தில் வினவுவார். முதலில் வகுப்பே கூடி விடை காணும். பின்னர் அதுபோன்ற வேறொரு கணக்கை ஒவ்வொருவரும் தனியே செய்வர். விடை சரியா என்பதற்கே மதிப்பெண். சொற்பிழைக்குத் தண்டனை இல்லை. சிந்தை பொருளில் ஊன்றியிருக்கையில் மொழியின் அமைப்பு தானே மனத்தில் படியும் என்பது பிரபுவின் கொள்கை.

1985இல் வெளியான ஆய்வு மதிப்பீடு இம்முறைக்குப் பெரிதும் சாதகமாகவே அமைந்தது. ஆயினும், இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறையில் பயின்றோரே முந்தினர் என்பதையும் மறைத்தல் ஆகாது. தம் அனுபவத்தைப் பிரபு 1987இல் நூலாக்கினார். பின்னர்ச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். எல்லார்க்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என ஒன்றில்லை என்று 1990இல் எழுதியவரும் அவரே.

தாய்மார்களே! ஆங்கிலம் அறியாத நாம் பிள்ளைக்கு எவ்வாறு உதவுவது எனக் கலங்க வேண்டாம். இன்றிரவே ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். “இது என்று செய்யப்பட்டது? எந்நாள் வரை உண்ணலாம்?” என்று தமிழிலேயே கேளுங்கள். விடையைத் தேடி அவன் ஆங்கிலத்தைப் படித்தே ஆகவேண்டும். தட்டுத்தடுமாறினால் நகைக்காதீர்கள், விடை சரியானால் மனமாரப் பாராட்டுங்கள்.

அச்சம் அகன்ற நாவிலேதான் மொழி குடியேறும்.