திருமலையில் மலை எங்கே?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நடத்துநர் “திருமலை, திருமலை” என்று கூவியதைக் கேட்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அவருக்குத் திருமலை என்றால் ஏழுமலையான். எங்களுக்கோ அது திருகோணமலையின் செல்லப்பெயர். பஸ் ஏறி, ஹொரவப்பொத்தானைக் காட்டைத் தாண்டி, நகருக்குள் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “மலை எங்கே?”

நியாயமான கேள்விதான். கிழக்கு மாகாணத்தின் தலைநகரான இந்த ஊரைச் சுற்றி வயல், குளம், களப்பு, சிறு குன்றுகள். மலை என்று சொல்ல இருப்பது கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறைதான். உயரம் நூறு மீட்டர் அளவு. ஆனால் அந்தப் பாறையின் மேல் நின்று கீழே பார்த்தால் மலையின் மிச்சம் எங்கே போயிற்று என்று புரியும். கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கிழக்கே போகப்போக அது மூவாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. மலைநாட்டிலிருந்து வரும் மகாவலி, கொட்டியாரக்குடாவில் இந்த ஆழத்தின் வாயில்தான் விழுகிறது. ஐரோப்பியர் நால்வர் அடித்துக்கொண்ட துறைமுகமும், கரையோரம் வந்து மூச்சுவிடும் திமிங்கிலமும் இந்த ஆழத்தால் வந்தவை. அதனால் இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் நிலாவெளி மணலில் பாய் விரிப்பதற்கு முன் பாறையில் ஏறிவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். கொழும்பு, காலி பக்கம் டிசம்பரில் வெயில் காயும்போது இங்கே வாடைக்காற்றும் மழையும். ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறிவிடும். மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலும் மேற்கிலும் மழை கொட்ட, இங்கே கடல் தட்டாகக் கிடக்கும். விலை அதற்கும் கொடுக்க வேண்டும்: மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் கச்சான் காற்று அனல்போல வீசும், பகல் பதினொரு மணிக்கு மேல் தலை சுற்றும். கிறிஸ்மஸ் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து விடுதி யன்னலால் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் புலம்பெயர் உறவுகளை ஆண்டுதோறும் காண்கிறோம்.

பாறைக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால். வாசலில் நுழையும்போது தூணைக் கவனியுங்கள். பாண்டியரின் இரட்டை மீன் சின்னமும், தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் உள்ள கல் அங்கே பதிந்திருக்கிறது. கோயிலை இடித்த கல்லால் கட்டிய கோட்டை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலைத் தகர்த்தார். சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி ஊர்வலம் வெளியே போயிருந்தபோது, பூசகர் வேடத்தில் சிப்பாய்கள் உள்ளே புகுந்தார்கள் என்பது இங்கு வழிவழியாகச் சொல்லப்படுவது. கல் கோட்டையானது. பிறகு அந்தக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கும், 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரெனின் கைக்கும், மறுபடி ஒல்லாந்தரிடமும், 1795இல் பிரித்தானியரிடமும் போயிற்று. 1803இல் அவர்கள் வைத்த இளவரசர் பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது உள்ளே இராணுவம் இருக்கிறது, கூடவே புள்ளிமான்கள். கூச்சமே இல்லாத மான்கள். மாலையானால் கடற்கரை வரை வந்து பயணிகளின் பையை மோந்து பார்க்கும். பொலித்தீன் பையில் எதையும் கொடுக்காதீர்கள், பையோடு சேர்த்து விழுங்கிவிடும்.

மேலே ஏறினால் இன்றைய கோணேசர் கோயில். நூற்றாண்டுக்கணக்கில் இங்கே கட்டடம் என்று எதுவும் இருக்கவில்லை. ஆனால் வழிபாடு நிற்கவில்லை. பாறை விளிம்பில் பூசகர் நின்று கற்பூரம் காட்டி, பூவையும் தேங்காயையும் கடலுக்குள் எறிவதைப் பிரித்தானியர் காலத்துப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். சுவாமி இருந்த இடம் கடல் என்றால் கடலுக்கே பூசை. 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் ஆகிய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. ஊர் எழுந்தது, புதிய கோயில் கட்டப்பட்டு 1963இல் குடமுழுக்கு நடந்தது. அதற்கிடையில் 1956இல், அறிவியல் புனைகதை எழுதும் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறையடியில் சுழியோடியபோது இடிந்த கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். கிளார்க் அதை நூலாக்கினார். வில்சனின் கதை இன்னும் விசித்திரம்: பின்னாளில் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் துறவியாகிவிட்டார்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார். ஈழத்தில் தேவாரம் பெற்றவை இதுவும் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரமும் மட்டுமே. அவர் கடல் கடந்து வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. கோணேசரையும் மாதுமை அம்பாளையும் கும்பிட்டுவிட்டுச் சுற்றி வந்தால் இராவணன் வெட்டு. பாறையை வாளால் பிளந்ததுபோல நெட்டுக்குத்தான பிளவு. குனிந்து பார்க்கும்போது காலடியில் ஒரு கூச்சம் ஓடும். அருகே தனித்து நிற்கும் பழைய தூணில் 1687 என்ற ஆண்டோடு ஒல்லாந்த மொழியில் பிரான்சினா என்ற பெண்ணின் பெயர் வெட்டியிருக்கிறது. காதலன் கப்பலேறிப் போய்விட்டதால் அவள் இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். ஒல்லாந்தரின் ஏடுகளிலோ அவள் அதற்குப் பிறகும் நன்றாக வாழ்ந்து இன்னொருவரை மணந்திருக்கிறாள். கேட்டு இரசியுங்கள், கண்ணீர் விட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு வருவது உத்தமம். மற்ற நாள் என்றால் விடிகாலை. மே, ஜூன் மாதங்களில் கண்ணும் பொறுமையும் உள்ளவர்கள் பாறை உச்சியில் நின்றபடியே தூரத்தில் நீர்த்தூவல் எழுவதைக் காணலாம். அது நீலத் திமிங்கிலம். ஆழம் கரையை ஒட்டியே தொடங்குவதால் வந்த பேறு. வேறிடங்களில் நெடுந்தூரம் படகோட்டித் தேட வேண்டியது இங்கே வாசலுக்கு வருகிறது. 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற பாய்மர ஆய்வுப் படகில் வந்தவர்கள்தான் இந்தக் கடலின் நீலத் திமிங்கிலங்களை உலகுக்குச் சொன்னார்கள். 1983க்குப் பிறகு கடல் போர்க்களமானது. ஆய்வும் போயிற்று, பயணிகளும் போனார்கள். இன்று நிலாவெளி, உப்புவெளிக் கரைகளிலிருந்து காலை ஆறு மணிக்கே படகுகள் கிளம்புகின்றன. ஏறுவதற்கு முன் படகோட்டியிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: கிட்டப் போக வேண்டாம், குறுக்கே மறிக்க வேண்டாம். பணம் கொடுப்பவர் சொன்னால்தான் அது காதில் விழும்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் புறாமலை. இங்கும் பெயரில் ஒரு மலை! மாடப்புறாக்கள் வாழும் இரண்டு சிறு பாறைத்தீவுகள். பிரித்தானியக் கடற்படை இவற்றைச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தது. 2003இல் தேசிய பூங்காவானது. 1998இல் கடல் சூடாகி இலங்கையின் தென்மேற்குக் கரை முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தபோது இந்தத் திட்டு தப்பிப் பிழைத்தது. அன்று சூட்டுக்குத் தப்பியதை இன்று நம் கால்கள் மிதிக்கின்றன. இடுப்பளவு நீரில் களைத்துப்போய் எழுந்து நிற்கும் ஒவ்வொருவரும் நிற்பது உயிருள்ள முருகைக்கல்லின் மேல். நீந்தத் தெரியாதவர் மணற்கரையில் இருந்துகொண்டே தெளிந்த நீரில் கருநுனிச் சுறாக்குட்டிகள் போவதைப் பார்க்கலாம். அவை ஒன்றும் செய்யா. அனுமதிச்சீட்டுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்திற்கும், படகுக்குத் தனியாகவும் பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு வேறு விலை. சனி, ஞாயிறு தவிர்த்து வாருங்கள்.

நிலாவெளி, உப்புவெளி மணலைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. அழகானது, ஆழம் மெல்லத்தான் இறங்கும், குழந்தைகள் குளிக்கலாம். நகரிலிருந்து நிலாவெளி வீதியில் போகும் வழியில் இரண்டாம் உலகப் போர் மயானம் ஒன்று இருக்கிறது. வெட்டிச் சீராக்கிய புல், வரிசை தவறாத கற்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அவற்றில் ஒன்று சீனன்குடாவில் ஓர் எண்ணெய்க் குதத்தின்மேல் விழுந்து, குதம் நாட்கணக்கில் எரிந்தது. மிஞ்சிய குதங்கள் காட்டுக்குள் இன்னும் நிற்கின்றன. அவற்றை யார் வைத்திருப்பது என்பது டெல்லியும் கொழும்பும் பேசும் விடயம், 2022 ஜனவரியில்கூட ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படை வசம், பயணிக்குத் திறந்திருப்பது சிறு துண்டே. நாவல் படிப்பவர்களுக்கு நகருக்குள் ஒரு சின்னத் தகவல்: கடற்கரைப் பக்கத்துப் பழைய ஆங்கிலேய மயானத்தில் அடக்கமாகியிருப்பவர்களில் ஒருவர் ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்லஸ் ஆஸ்டின். 1852இல் பர்மாவில் நோயில் இறந்தவர்.

அநுராதபுரம் வீதியில் சில மைல் போனால் கன்னியா. ஒரே வளவுக்குள் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெந்நீர் ஒவ்வொரு சூட்டில். தாய்க்கு இறுதிக்கடன் செய்ய நீர் வேண்டி இராவணன் நிலத்தில் வாளால் ஏழிடத்தில் குத்தினான் என்பது கதை. கதையோடு நிற்கவில்லை: ஊரார் தலைமுறைகளாக இங்கு வந்து அந்தியேட்டி செய்து தலை முழுகினார்கள். அதை மறந்து சோப்புப் பெட்டியோடு வரும் சுற்றுலாக் கூட்டம்தான் இப்போது அதிகம். இடத்தை யார் நிர்வகிப்பது, பிள்ளையார் கோயில் நின்ற நிலம் எது என்ற தகராறு 2019இல் நீதிமன்றம் வரை போனது. வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டு கிளம்பினால், வடமேற்கே பெரியகுளத்தருகே காட்டோரம் இன்னொரு இடம் காத்திருக்கிறது. அங்கே பயணப் பைகளோடு யாரையும் காண்பது அரிது.

வெல்கம் விகாரை. சோழர் பொலன்னறுவையில் ஆண்ட காலத்தில் இதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. அதாவது புத்த பள்ளிக்குச் சைவச் சோழனின் பெயர். இங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் விளக்கெரிக்கவும் மற்றைத் தேவைகளுக்கும் பசுக்களும் பணமும் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. தமிழர்களாக இருந்து பௌத்தத்தைப் பேணியவர்கள். இந்த மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழ்கிறார்கள், எந்த ஒருவரும் பாதியை எட்டவில்லை. பழைய கல் ஒன்று கிடைத்தால் அது யாருடையது என்ற சண்டை உடனே தொடங்கிவிடும். அந்தச் சண்டைக்காரர்களை இந்தச் செங்கல் மேட்டின்முன் ஒரு மணிநேரம் உட்கார வைக்க ஆசை.

தெற்கே போகிறவர்களுக்குத் தம்பலகாமம்: போர்த்துக்கேயருக்கு மறைத்த திருமேனிகள் வந்து சேர்ந்த ஆதிகோணநாயகர் கோயில், நான்கு பக்கமும் வயல். பிறகு கிண்ணியா. 2009 வரை இங்கே ‘பாதை’ எனப்படும் இழுவைப் படகுதான். அதற்கு வரிசையில் நின்றவர்கள் இப்போது நானூறு மீட்டர் நீளப் பாலத்தில் காற்று வாங்குகிறார்கள். மூதூரில் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்னும் புளியடி. 1660இல் பாய்மரம் முறிந்து கொட்டியாரக்குடாவில் ஒதுங்கிய ‘ஆன்’ கப்பலின் தலைவரும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸும் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்ட இடம் இது என்பார்கள். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு தப்பியோடி, இலங்கையைப் பற்றி 1681இல் வெளியிட்ட நூல் ராபின்சன் குரூசோ கதைக்கு உரமிட்டது என்று சொல்வதுண்டு. சுற்றிப் பார்க்க வந்து பத்தொன்பது ஆண்டு தங்கியவர்!

நீங்கள் அவ்வளவு தங்க வேண்டியதில்லை, மூன்று இரவு போதும். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு புகையிரதம் இருக்கிறது, கல்லோயாச் சந்தியில் பிரிந்து விடியலில் வந்து சேரும். இறங்கியதும் விடுதிக்குப் போகாமல் பையோடு கோட்டைக்கு நடந்துவிடுங்கள். மான்கள் எழுந்திருக்கும், காலைப் பூசை மணி கேட்கும், வெயிலும் ஏறியிராது.