நம்பிக்கைக்கு ஓர் அளவுகோல்

ஜுரத்தை அளக்க உஷ்ணமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி இருக்கிறது. டாக்டரிடம் நோயாளி வைத்திருக்கும் நம்பிக்கையை அளக்க என்ன இருக்கிறது? "மனத்துக்குள் இருப்பதை எந்தக் கோலால் ஐயா அளப்பது?" என்று நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அளக்கத்தான் செய்கிறார்கள்.

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டர்ஸன், டெட்ரிக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1990-ம் வருஷத்தில் 11 வாக்கியங்கள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தாம் எவ்வளவு தூரம் ஒப்புகிறார் என்பதை ஐந்து படிகளில் ஒன்றாக நோயாளி குறிக்க வேண்டும். 2002-ல் வேக் பாரஸ்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 10 வாக்கியங்களில் மற்றொரு தாளை அமைத்தார்கள். வாக்கியம் ஒன்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க்கு. ஆகவே மொத்தம் 10-க்குக் குறையாது, 50-க்கு மேற்படாது. டாக்டர் தம் சௌகரியத்தைவிட நம் நன்மையைப் பெரிதாக எண்ணுகிறாரா, தொழிலில் தேர்ந்தவரா, உண்மையை ஒளிக்காமல் சொல்லுகிறாரா என்பவையே கேள்விகளின் சாரம்.

வகுப்பில் எதைக் கேட்டாலும் "ஆமாம், ஸார்" என்று தலையாட்டும் பிள்ளைகளை நாம் அறிவோம். நோயாளிகளிலும் அத்தகையோர் உண்டு. அதனால்தான் டாக்டரைக் குறைகூறும் வாக்கியங்கள் சிலவற்றையும் இடையிடையே கலந்திருக்கிறார்கள்.

திருப்தி வேறு, நம்பிக்கை வேறு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். திருப்தி நடந்து முடிந்ததைப் பற்றியது. நம்பிக்கையோ இனி நடக்கப்போவதைப் பற்றியது. மயக்க மருந்தை முகர்ந்து ரண சிகிச்சைக்குப் படுத்திருப்பவனுக்கு வேண்டியது பின்னதுதான் அன்றோ?

ஓர் ஊரில் செய்த கோல் எல்லா ஊருக்கும் பொருந்துமா? தமிழ்நாட்டு ஜனங்களிடம் பேசி நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2013-ல் வெளிவந்தது. கையில் பணம் இல்லாவிட்டாலும், எந்த வேளையில் போனாலும் வைத்தியம் கிடைக்கும் என்ற உறுதி இங்கே நம்பிக்கையின் ஓர் அங்கமென்று அதில் தெரியவந்தது. மேற்சொன்ன அமெரிக்கத் தாள்கள் இரண்டிலும் இந்தக் கேள்வி கிடையாது! இன்னொன்றும் தெரிந்தது: குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் சுபாவமும் நம்மவர் நம்பிக்கையோடு சேர்ந்தே இருக்கிறது.

இந்தப் பொறுமை நல்லதுதானா? 1932-ல் அமெரிக்க சர்க்காரின் சுகாதார இலாகா, அலபாமா மாகாணத்து டஸ்கீகியில் ஏழை நீக்ரோக்கள் சுமார் 600 பேரைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தது. நோயின் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை. பெனிஸிலின் அந்நோய்க்குக் கைகண்ட மருந்தென்று தெரிந்த பின்பும் அதைக் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகைகளில் விஷயம் அம்பலமான பிறகே அந்த அக்கிரமம் நின்றது. அதுவரை அந்த ஏழைகளிடம் யாராவது நம்பிக்கைத் தாளை நீட்டியிருந்தால், நல்ல மார்க்கே போட்டிருப்பார்கள்.

அத்துடன் தீங்கு முடிந்துவிடவில்லை. செய்தி பரவியதும் மற்ற நீக்ரோ ஆண்களும் டாக்டர்களை நாட அஞ்சினார்கள். 45 வயதில் அவர்களுடைய எஞ்சிய ஆயுட்காலம் இதனால் ஒன்றரை வருஷம் வரை குறைந்திருக்கலாமென்று 2018-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிடுகிறது.

ஆகவே இந்த மார்க்கு நோயாளியின் மனத்தைக் காட்டுமேயன்றி, டாக்டர் நம்பத் தகுந்தவரா என்பதைக் காட்டாது. தகுதியை அவருடைய நடத்தையிலிருந்தே அறிய வேண்டும். குறைந்த மார்க்கைக் கண்டு டாக்டர்கள் கோபிக்கவும் வேண்டியதில்லை. எந்த நோயாளி மருந்தை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிடாமல் வைத்துவிடக்கூடும் என்பதற்கு அது முன்னெச்சரிக்கை. ஆஸ்பத்திரியில் இத்தகைய தாள் நம் கைக்கு வந்தால், தாட்சண்யம் பாராமல் மனத்தில் உள்ளதையே எழுதுவோமாக. அந்தத் தாளை டாக்டரின் கண்ணெதிரில் நிரப்பச் சொல்லாதிருப்பது ஆஸ்பத்திரியாரின் கடமை.