நூலகமும் நூலாசிரியர் உரிமையும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் புதிய கரை ஒன்றைக் கற்பனை செய்யும் நெசவாளர், அதனை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டால், முதலில் 10 ஆண்டுகளும், நீட்டித்துக்கொண்டால் மேலும் 5 ஆண்டுகளும் அது அவருக்கே உரியதாகும். நூலாசிரியரின் உழைப்பும் அத்தகையதே. ஆயினும் நூலுக்குப் பதிவு கட்டாயமன்று. எழுதிய அளவிலேயே உரிமை பிறந்துவிடுகின்றது. இதனைக் காப்பது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமாகும்.

உரிமை எத்தனை காலம்?

ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, அவருடைய ஆயுட்காலமும், அவர் மறைந்த ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. 1942-இல் மறைந்த உ. வே. சாமிநாதையர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள், 2002-ஆம் ஆண்டு முடிவோடு பொதுவாயின. திருக்குறள் மூலம் யாவர்க்கும் பொது. இன்று ஒருவர் அதற்கு எழுதும் உரையோ அவருடைய உடைமை.

காலம் முடியுமுன்பே அரசு உரிமையைப் பெற்று மக்களுக்கு வழங்குவதும் உண்டு. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியார் பாடல்களின் உரிமையைப் பெற்று, பின்னர் அவற்றைப் பொதுவாக்கியது. காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவின் நூல்களும் நாட்டுடைமை ஆனவையே.

நூலகம் செய்யத்தக்கது யாது?

செல்லரித்த நூல்களை மின்வடிவில் படமெடுத்துக் காக்க விழைவோர், சட்டத்திற்கு அஞ்சி வாளாவிருக்க வேண்டுவதில்லை. வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப்படியாக உள்ள நூலைப் பாதுகாப்பின்பொருட்டு மின்வடிவில் சேமிக்கலாம் என 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கின்றது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலெனில், நூலகப் பயனுக்காக மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆனால் சேமிப்பது வேறு, பரப்புவது வேறு. உரிமை முடியாத நூலை இணையத்தில் ஏற்றி ஊரெங்கும் வழங்க வேண்டுமாயின், உரிமையாளரின் இசைவு இன்றியமையாதது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல பழைய நூல்களும் நாட்டுடைமை நூல்களும் ஏற்கெனவே உள்ளன. ஆதலின் அங்குத் தேடிப் பார்த்த பின்னரே நம் பொருளையும் உழைப்பையும் செலவிடுதல் நன்று.

ஊராட்சியின் கடமை

வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி செலுத்துகின்றோம். ஆகவே நூலகம் நம்முடையது. ஊராட்சி உறுப்பினர்கள் நூலகரோடு அமர்ந்து, நலிந்த நூல்களைப் பட்டியலிடுக. ஆசிரியர் மறைந்த ஆண்டு, நாட்டுடைமையா என்பது, கடையில் கிடைக்குமா என்பது ஆகிய மூன்றையும் எதிரே குறித்துக்கொள்க. அப்பட்டியலே, எதனைத் தயங்காது பரப்பலாம், எதனைக் காக்க மட்டும் செய்யலாம் என்பதைக் காட்டிவிடும். எழுதியவர் உரிமையும் கெடாமல், படிப்பவர் பயனும் குன்றாமல் நூல்களைக் காப்போமாக!