ஒரு மரபணுவுக்கு நான்கு தேர்வுகள்

நம் நாட்டில் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடைபெறுகிறது. 2016இல் இது நாடு தழுவிய திட்டமானது. பெற்றோர் சம்மதித்தால், சிம்பாங் ரெங்கத்தில் படிப்பவருக்கும் கோலாலம்பூரில் படிப்பவருக்கும் ஒரே சோதனைதான்; சிறிதளவு இரத்தம் எடுப்பார்கள். அந்த நோய்க்கு மருந்து தேடிய ஆய்வாளர்கள் ஒரு மரபணுவை எப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

நமது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது. பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் இருக்கும். பீட்டா சங்கிலிக்கான மரபணு பழுதானால் பீட்டா தலசீமியா வரும். கடுமையான நோய் உள்ளவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சேரும் இரும்புச்சத்து இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும்.

ஆனால் இந்நோயுள்ள குழந்தைகள் பிறக்கும்போது நலமாகவே இருக்கிறார்கள். காரணம், கருவில் இருக்கும்போது உடல் வேறொரு ஹீமோகுளோபினைத் தயாரிக்கிறது. அதில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி உண்டு. பிறந்த சில மாதங்களில் இந்தக் ‘கரு ஹீமோகுளோபின்’ குறைந்துவிடுகிறது. அதைக் குறைப்பது எது? அதை மீண்டும் சுரக்க வைத்தால் நோய் தணியுமா?

முதல் தேர்வு: மனிதர்களிடம் சான்று உண்டா?

சிலருக்கு வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபின் ஓரளவு அதிகமாகவே இருக்கும். 2007இல் மலேசியரான பேராசிரியர் ஸ்வீ லே தெய்ன் இடம்பெற்ற லண்டன் குழு, இத்தகையவர்களின் மரபணுத் தொகுதியை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டது. வேறுபாடு தெரிந்த இடங்களில் ஒன்று, இரண்டாம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்11ஏ என்ற மரபணு.

இரண்டாம் தேர்வு: அதுதான் காரணமா?

ஒரு மரபணு சம்பவ இடத்தில் இருந்தது என்பதாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. 2008இல் அமெரிக்காவின் பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் குழுவினர், சிவப்பணுக்களாக வளரும் மனித அணுக்களில் இந்த மரபணுவின் செயலைக் குறைத்தனர். கரு ஹீமோகுளோபின் உயர்ந்தது. அதை அடக்கி வைத்திருந்தது இந்த மரபணுதான் என்று தெளிவானது.

மூன்றாம் தேர்வு: தொட்டால் ஆபத்தா?

பல மரபணுக்கள் தோற்றுப்போவது இங்கேதான். பிசிஎல்11ஏ மூளை வளர்ச்சிக்கும் தேவை. நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் தேவை. அதன் ஒரு பிரதியைப் பிறவியிலேயே இழந்தவர்களுக்கு அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. உடல் முழுவதும் அதை அணைத்தால் மருந்தே நஞ்சாகிவிடும்.

2013இல் வழி கிடைத்தது. சிவப்பணு உருவாகும்போது மட்டும் இந்த மரபணுவை முடுக்கிவிடும் ஒரு சிறு டிஎன்ஏ பகுதியைக் கண்டறிந்தார்கள். வீட்டின் மெயின் சுவிட்சை விட்டுவிட்டு ஓர் அறையின் விளக்கை மட்டும் அணைப்பது போல, அந்தப் பகுதியை மட்டும் வெட்டினால் போதும்.

நான்காம் தேர்வு: பலனை அளக்க முடியுமா?

சிகிச்சை வேலை செய்கிறதா என்று காட்டும் அளவீடு வேண்டும். இதற்கு உயிர்க்குறியீடு என்று பெயர். இங்கே அந்த வேலையைக் கரு ஹீமோகுளோபினின் அளவே செய்கிறது. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நான்கிலும் தேறியதால் சிகிச்சை உருவானது. நோயாளியின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கிறிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் அந்தப் பகுதியை வெட்டி, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். அதற்கு முன் பழைய எலும்பு மஜ்ஜையை அகற்றக் கடுமையான மருந்து கொடுக்க வேண்டும். 2023 நவம்பரில் பிரிட்டன் இதற்கு அனுமதி அளித்தது. அப்போது மதிப்பிடப்பட்ட 42 தலசீமியா நோயாளிகளில் 39 பேருக்குக் குறைந்தது ஓராண்டுக்கு இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.

ஆனால் அமெரிக்காவில் இதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். நல்ல இலக்கைக் கண்டுபிடித்தாயிற்று; அதை எல்லோருக்கும் எட்டும் மருந்தாக்குவது அடுத்த தலைமுறையின் வேலை. மாத்திரையாகவே தர முடியுமா என்ற தேடலும் நடக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பது பள்ளிப் பரிசோதனைதான். பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதை முன்கூட்டியே அறிந்தவர், மருத்துவ ஆலோசனையோடு தம் எதிர்காலத்தைத் திட்டமிடலாம். சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால், அது எதற்கு என்று பெற்றோருக்கு விளக்கிச் சொல்ல இப்போது உங்களால் முடியும்.